கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தால் மாதச் செலவை எப்படி ஒப்பிடுவது?

நொய்யல்கரை (கேள்வி):

வணக்கம். நான் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். வயது 34. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் மாதம் 8,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் அனுமதியோடு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இரண்டு வாரங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் 5,52,500 ரூபாய் வருகிறது. இங்கே என் சம்பளம் 1,25,000 ரூபாய். வருமான வரியும் வருங்கால வைப்பு நிதியும் போகக் கைக்கு வருவது 1,09,000. மனைவி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறார். அவர் கைக்கு வருவது 32,000. மகளுக்கு ஐந்து வயது. பீளமேட்டில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 16,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். பொள்ளாச்சியில் இருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் 15,000 ரூபாய் அனுப்புகிறேன். எங்கே போனாலும் அது நிற்கக் கூடாது.

இரு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் ‘இத்தனை மடங்கு அதிகம்’ என்று காட்டும் இணையப் பக்கங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. அவற்றில் கணக்கிடப்பட்டிருப்பது யாருடைய குடும்பம், யாருடைய சமையலறை என்பதும் விளங்கவில்லை. அங்கே மூவறை வீடு 2,900 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று பார்த்தேன். மூன்று படுக்கையறைகள் எங்களுக்குத் தேவையில்லை, ஆகவே அதிலும் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். இப்படி ஒவ்வொன்றாக ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது சரியான வழிதானா? குடும்பத்தோடு போய் வாழ்ந்தவர்கள் தங்கள் அனுபவக் கணக்கைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


ஈசூன்வாசி:

வணக்கம் தம்பி. நான் ஒன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கிறேன். வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் என் மாமியாரிடமிருந்து எனக்கு வந்தது, அதனால் ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும்.

முதலில் ஒரு திருத்தம். சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் அறைகளை எண்ணும்போது வரவேற்பறையையும் சேர்த்தே எண்ணுவார்கள். மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமும்தான். ஆகவே நீங்கள் பார்த்த 2,900 வெள்ளிதான் உங்களுக்குத் தேவையான வீட்டின் வாடகை, அதிலிருந்து குறையாது. நகர மையத்துக்கு அருகே போனால் கூடும். தனியார் அடுக்குமாடி வீடுகள் அதைவிடவும் அதிகம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: முழு வீவக வீட்டை வெளிநாட்டினருக்கு வாடகைக்கு விடுவதில் வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு, அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, 11 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. பிடித்த வீடாக இருந்தாலும் அந்தப் புளோக்கில் இடம் நிரம்பிவிட்டிருந்தால் கிடைக்காது. இதனால்தான் அவசரமாக வந்து இறங்குபவர்கள் சில நேரம் கூடுதல் வாடகைக்கு ஒப்புக்கொள்ள நேர்கிறது.

இனிச் சமையலறை. சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் நாடு. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ எல்லை தாண்டும் லாரியிலோ வந்தாக வேண்டும். ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை பன்னிரண்டு முதல் பதினைந்து வெள்ளி வரை இருக்கும். பால் லிட்டர் மூன்று வெள்ளியை ஒட்டி இருக்கும்; ஆவின் நீல உறையை லிட்டர் 40 ரூபாய்க்கு வாங்கிப் பழகிய கைக்கு முதல் மாதம் அது மிகவும் உறுத்தும். சிங்காநல்லூர் உழவர் சந்தையில் காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வரும் அல்லவா? இங்கே கறிவேப்பிலை ஒரு சிறு கட்டாகப் பையில் போட்டு விலை ஒட்டப்பட்டிருக்கும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ ஆகியவை எல்லாம் கிடைக்கும். லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்கா சந்தைக்கும் முஸ்தபா பேரங்காடிக்கும் போனால் கிடைக்காதது என்று அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காசு கொடுக்க வேண்டும். இந்தியாவில் உறையிடாத அரிசிக்கும் பாலுக்கும் காய்கறிக்கும் ஜிஎஸ்டி இல்லை. இங்கே 2024 சனவரி முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரி, நீங்கள் பேரங்காடியில் வாங்கும் அரிசியிலும் வெங்காயத்திலும் அடங்கியிருக்கும். மூன்று பேருக்கு, பெரும்பாலும் வீட்டில் சமைத்தால், மளிகையும் காயும் பாலும் இறைச்சியுமாக 900 முதல் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தொடக்கத்தில் 1,300 வரை செலவழித்தேன். ஊரில் வாங்கிய அதே பொருள்களைத் தேடித் தேடி வாங்கியதுதான் காரணம். இங்குள்ள கீரைகளுக்கும் மீனுக்கும் சமையலை மாற்றிக்கொண்ட பிறகு இயல்பாகவே குறைந்தது.

வெளியே சாப்பிடுவது பற்றிப் பலரும் தவறாக அஞ்சுகிறார்கள். உணவங்காடி நிலையத்தில் ஒருவர் நான்கு முதல் ஆறு வெள்ளிக்குள் வயிறு நிறையச் சாப்பிடலாம். உணவகத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேர்ந்து, பட்டியலில் பார்த்த விலைக்கும் ரசீதுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்துவிடும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் சென்னையில் கேன் தண்ணீர் வாங்கி வாழ்ந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மின்சாரம் யூனிட்டுக்கு முப்பது காசை (சென்ட்) ஒட்டி வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை மறந்துவிட்டு, இங்கே இரவெல்லாம் குளிர்சாதனத்தை ஓடவிட்டால் மாதக் கட்டணத்தைப் பார்த்து வருந்த நேரிடும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றுக்கும் சேர்த்து 200 முதல் 250 வெள்ளி போதும்.

போக்குவரத்தில் இந்த ஊரைக் குறை சொல்ல முடியாது. பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் தூரத்தைப் பொறுத்து ஒன்றேகால் வெள்ளி அளவில் தொடங்கி இரண்டரை வெள்ளி அளவில் முடிந்துவிடும். ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அதைக் கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பத்தாண்டுகள் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழின் ஏலத்தொகையே ஒரு லட்சம் வெள்ளியை ஒட்டிப் போகிறது.

இந்தச் சில்லறைச் செலவுகள் எல்லாவற்றையும்விட வாடகையும் பிள்ளையின் படிப்பும்தான் உங்கள் கணக்கைத் தீர்மானிக்கும். பாலர் பள்ளிக்கான அரசாங்க மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்கு உரியது. உங்கள் மகளுக்கு முழுநாள் பராமரிப்பு என்றால் 1,100 வெள்ளிக்குக் குறைந்து நல்ல இடம் தேடுவது கடினம்.


பொருளியல் ஆசிரியர்:

மேலே சகோதரி எழுதியிருப்பது மிகவும் பயனுள்ளது. கேள்வி கேட்டவர் ‘ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது சரிதானா’ என்று கேட்டிருக்கிறார். அந்தப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நாணய மாற்று விகிதம் என்பது எல்லை தாண்டிச் செல்லக்கூடிய பொருள்களும் பணமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் உருவாகும் விலை. கைப்பேசியோ மடிக்கணினியோ கோவையிலும் சிங்கப்பூரிலும் ஏறத்தாழ ஒரே விலைதான். ஆனால் முடிவெட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். பீளமேட்டில் 150 ரூபாய். சிங்கப்பூரில் எளிய கடையிலேயே பன்னிரண்டு வெள்ளி, அதாவது 780 ரூபாய். கத்தரிக்கோலும் ஒன்றுதான், ஆகும் நேரமும் ஒன்றுதான். தொழிற்சாலையிலும் வங்கியிலும் துறைமுகத்திலும் ஒரு தொழிலாளியின் உற்பத்தித்திறன் உயர்ந்திருக்கும் நாட்டில் அங்கே கூலி உயர்கிறது. அந்தக் கூலிக்கு ஈடு கொடுக்காவிட்டால் முடிவெட்ட யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்தத் தொழிலின் கூலியும் சேர்ந்து உயர்கிறது. பொருளியல் அறிஞர்கள் பெலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியே இதை விளக்கினார்கள். மனித உழைப்பு எவ்வளவு அதிகமாகக் கலந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஒரு பொருள் உங்களுக்கு அங்கே விலை கூடுதலாகத் தெரியும். வீட்டுவேலைக்கு ஆள், துணி தேய்ப்பது, குழாய் பழுது பார்ப்பது, குழந்தை பராமரிப்பு எல்லாம் இந்த வகைதான். வாடகை வேறு காரணத்தால், அதாவது நிலம் குறைவு என்பதால், உயர்கிறது.

இதைச் சரிக்கட்டத்தான் வாங்குதிறன் சமநிலை என்ற அளவை உலக வங்கி பன்னாட்டு விலை ஒப்பீட்டின் மூலம் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதன்படி இந்தியாவில் சுமார் 20 ரூபாய் வாங்கும் பொருள்களை வாங்கச் சிங்கப்பூரில் 85 காசு அளவில் தேவைப்படும். வகுத்துப் பார்த்தால் ஒரு வெள்ளியின் வாங்குதிறன் 24 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தோராயமாக 24 என்றே வைத்துக்கொண்டால் உங்கள் 8,500 வெள்ளி கோவையில் 2,04,000 ரூபாய்ச் சம்பளம் தரும் வாழ்க்கைக்கு நிகரானது; 5,52,500 ரூபாய்க்கு அல்ல. உங்கள் இருவரின் இன்றைய வருமானம் பிடித்தங்களுக்கு முன் ஏறத்தாழ 1,60,000. ஆகவே முன்னேற்றம் உண்டு, ஆனால் அது நீங்கள் பெருக்கிப் பார்த்த அளவுக்கு இல்லை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, இந்த 24 என்பது ஒட்டுமொத்த நாட்டுக்கான சராசரி. சிங்கப்பூர்க் குடிமக்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த வீவக வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் மானியம் உண்டு. புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு அவை கிடையாது என்பதால் உங்களுக்கு அந்த எண் 24ஐவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டாவதுதான் மிக முக்கியமானது. 24 என்ற எண் அங்கே செலவழிக்கும் வெள்ளிக்கு மட்டுமே பொருந்தும். மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் வெள்ளிக்கு 65 ரூபாய் முழுமையாகக் கிடைக்கிறது. உங்கள் பெற்றோருக்கு அனுப்பும் 15,000 ரூபாய் இங்கே உங்கள் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு. அங்கே 231 வெள்ளி, சம்பளத்தில் முப்பத்தேழில் ஒரு பங்கு. எனவே மொத்தச் சம்பளத்தை ஒரே எண்ணால் பெருக்காதீர்கள். செலவை வெள்ளியிலேயே எழுதிக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் 65ஆல் பெருக்கிக் கோவையில் மிஞ்சுவதோடு ஒப்பிடுங்கள்.


வைகைக்குத் திரும்பியவன்:

ஆசிரியர் சொன்ன வழி சரியானதே. ஆனால் மிச்சம் பிடிக்கும் வெள்ளிக்கு 65 ரூபாய் என்பது ஊருக்குத் திரும்புகிறவருக்கு மட்டுமே உண்மை. அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவானால் அந்தச் சேமிப்பையும் ஒருநாள் அங்கேதான் செலவழிக்க வேண்டும். அப்போது அதுவும் 24 ரூபாய் வெள்ளிதான். செங்காங்கில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் நான். என்னோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட நண்பர்களின் கணக்கும் என் கணக்கும் இன்று ஒன்றாக இல்லை. கேள்வி கேட்பவர் எத்தனை ஆண்டுகள் இருக்க நினைக்கிறார் என்பதை எழுதவில்லை. அதை முடிவு செய்யாமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது.

எல்லோரும் விட்டுவிடும் ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. 55 வயது வரை ஊழியர் 20 விழுக்காடும் நிறுவனம் 17 விழுக்காடும் செலுத்தும் அந்த நிதியில் உங்களுக்கு ஒரு காசும் சேராது. இங்கே உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வைப்பு நிதியும் நிறுவனம் போடும் அதே அளவு பங்கும் போன நாளிலிருந்து நின்றுவிடும். பணிக்கொடைக்கான ஆண்டுகளும் அதோடு நின்றுவிடும். அவற்றையும் கோவைச் சேமிப்பின் பக்கத்தில் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டதால் முதல் இரண்டு ஆண்டுகள் நிறையச் சேர்ப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மருத்துவம் அடுத்தது. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உள்ளவருக்கு நிறுவனம் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் ஊழியருக்கு எடுக்கின்றன. மனைவிக்கும் பிள்ளைக்கும் எடுக்கின்றனவா என்பதைக் கடிதத்தில் தேடிப் பாருங்கள். என் மகனுக்கு நான்கு வயதில் நள்ளிரவில் கடுமையான வயிற்றுவலி வந்து மருத்துவமனையில் இரண்டு இரவுகள் தங்க வேண்டியிருந்தது. மானியம் இல்லாத வெளிநாட்டவர் கட்டணம். காப்பீட்டில் என் பெயர் மட்டுமே இருந்தது. நாலாயிரம் வெள்ளிக்கு மேல் கட்டினேன். பிள்ளை நலமாகத் திரும்பினான், அதுவே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் வேலையில் சேரும்போதே ஒரு வரி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து கேட்டுவிடுங்கள்.

முதல் மாதச் செலவுக்கும் ஆயத்தமாக இருங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, முகவர் கட்டணம், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை, மெத்தை, பாத்திரம் என்று எல்லாம் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கேட்கும். குடும்பத்தோடு இறங்குவதானால் பத்தாயிரம் வெள்ளியாவது கையில் இருக்க வேண்டும். வருமான வரியை மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். உங்கள் சம்பளத்துக்கு அது இங்கிருப்பதைவிடக் குறைவான விகிதம்தான்.


திருச்சி ஆசிரியை:

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. கேள்வியில் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்ததாலும், பதில்களில் அதுகூட இல்லாததாலும் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். 28,000 ரூபாய்ச் சம்பளம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் சார்ந்திருப்போர் அனுமதியில் மகனோடு வந்தேன். அந்த அனுமதியில் இருப்பவர் முன்பு ஓர் இசைவுக் கடிதம் பெற்று எளிதாக வேலைக்குப் போக முடிந்தது. 2021 மே 1 முதல் அது மாறிவிட்டது. இப்போது பொதுவாக நம்மை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் நமக்கென்று தனியாக வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். அதற்குரிய சம்பளத் தகுதியும் ஒதுக்கீடும் இருப்பதால், பகுதிநேரமாக ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நடைமுறையில் நிறைவேறுவது அரிது. என் தகுதியைப் பாராட்டிய இரண்டு இடங்கள், அனுமதி என்ற பேச்சு வந்ததும் வருத்தம் தெரிவித்து நிறுத்திக்கொண்டன.

நாங்கள் கிளம்புமுன் போட்ட கணக்கில் என் 28,000 ரூபாய் எங்குமே இல்லை. வெள்ளியில் வரும் பெரிய தொகைக்கு முன்னால் அது சிறியதாகத் தெரிந்தது. ஆனால் அது என் பெயரில் வந்த பணம். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரையும் கேட்காமல் கொடுத்த பணம். மூன்றாண்டுகளாக ஒரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லிக் கேட்கும் நிலையில் இருப்பது என் கணவரின் குற்றமும் இல்லை, அவர் ஒருநாளும் குறையாக நடத்தியதும் இல்லை. இருந்தாலும் அந்த இழப்பு உண்மையானது. பணியில் விழும் இடைவெளியும் அப்படியே. திரும்பிப் போனால் அதே பள்ளியில் அதே படிநிலையில் சேர்ப்பார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. என் மகன் தமிழை வகுப்பில் ஒரு பாடமாகப் படிக்கிறான், பேருந்து நிலையத்திலும் தமிழைப் பார்க்கிறான். இரவு ஒன்பது மணிக்கும் நான் தனியாக அச்சமின்றி நடந்து வருகிறேன். அவற்றுக்கும் எனக்கு விலை உண்டு. ஆனால் இரண்டு சம்பளம் ஒரு சம்பளமாகிறது என்பதை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து தாளில் எழுதிவிட்டு முடிவெடுங்கள்.


நொய்யல்கரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திருச்சி ஆசிரியை எழுதியதை நேற்றிரவு என் மனைவி படித்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம்.

கோவையில் எங்கள் இருவரின் கைக்கு வருவது 1,41,000. வாடகை 16,000, மளிகையும் காயும் பாலும் 15,000, மின்சாரமும் எரிவாயுவும் 3,000, மகளின் பள்ளியும் வேனும் 8,500, வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கு 3,000, வண்டிகளுக்கு 5,000, வெளியே சாப்பிடுவது 6,000, மருத்துவம் 3,000, பெற்றோருக்கு 15,000, மற்றவை 8,000 ஆக 82,500 ரூபாய். மிச்சம் 58,500. இருவரின் வைப்பு நிதியும் நிறுவனங்களின் பங்கும் சேர்த்தால் இன்னும் 18,000. மொத்தச் சேமிப்பு 76,500 ரூபாய்.

சிங்கப்பூரில் 8,500 வெள்ளியில் வாடகை 2,900, மின்சாரம் முதலியவை 220, கைப்பேசியும் இணையமும் 80, மளிகை 950, வெளிச்சாப்பாடு 300, போக்குவரத்து 220, மகளின் பாலர் பள்ளி 1,100, வருமான வரிக்கு 425, மருத்துவமும் காப்பீடும் 150, துணிமணி உள்ளிட்ட மற்றவை 300, பெற்றோருக்கு 230, ஆண்டுக்கு ஒருமுறை மூவரும் ஊருக்கு வந்துபோக மாதம் 150 ஆக 7,025 வெள்ளி. மிஞ்சுவது 1,475, ரூபாயில் ஏறத்தாழ 96,000.

ஐந்தரை லட்சம் என்று நினைத்துத் தொடங்கிய கணக்கில், உண்மையான வித்தியாசம் மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கும் குறைவாக வந்து நிற்கிறது. அதுவும் என் மனைவி வேலையை விட்டால்! எங்கேயாவது தவறு செய்திருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


ஈசூன்வாசி:

தம்பி, பெரிய தவறு எதுவும் இல்லை. மூன்று திருத்தங்கள் மட்டும்.

வருமான வரியை இங்கே மாதந்தோறும் சம்பளத்தில் பிடிப்பதில்லை. மேலே மதுரை நண்பர் எழுதியதில் அது மட்டும் சரியில்லை. ஆண்டு முடிந்த பிறகு ஏப்ரல் 18க்குள் கணக்குக் கொடுத்து, வரும் தொகையை மொத்தமாகவோ ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் முறை) மூலம் வட்டியில்லாமல் பன்னிரண்டு மாதத் தவணைகளாகவோ கட்டலாம். உங்களுக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளி அளவில் வரும். முதலாண்டு முழுச் சம்பளமும் கைக்கு வருவதால் செலவழித்துவிட்டு மறு ஆண்டு திண்டாடுபவர்கள் உண்டு. நீங்கள் எழுதியபடி மாதம் 425ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி வீட்டில் இருப்பதானால் முழுநாள் பராமரிப்பு தேவைப்படாது. காலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் நடக்கும் பாலர் பள்ளியில் சேர்த்தால் 400 வெள்ளி வரை குறையும். ஆனால் அந்தக் குறைவை நிரந்தரம் என்று எண்ணாதீர்கள். மகளுக்கு ஏழு வயதாகும் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் (முதல் வகுப்பில்) சேர வேண்டும். அரசாங்கப் பள்ளிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான வாய்ப்பு கடைசிக் கட்டத்தில்தான் வரும். இடம் கிடைப்பது உறுதியில்லை. கிடைத்தாலும் ஆசியான் நாடுகளைச் சேராத பிள்ளைகளுக்கு 2024இல் மாதக் கட்டணம் 888 வெள்ளி. ஆண்டுதோறும் கூடி வருகிறது. குடிமக்களின் பிள்ளைகளுக்கு அதே வகுப்பில் அதிகபட்சம் 13 வெள்ளி. இந்தியப் பாடத்திட்டம் உள்ள தனியார் பள்ளி என்றால் அதற்கும் மேலே.

மூன்றாவது, அனுமதியைப் புதுப்பிப்பது. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குத் தேவையான குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் பெரும்பாலான துறைகளில் 5,600 வெள்ளியில் தொடங்கி, வயது கூடக்கூட உயர்ந்து 45 வயதில் 10,700 ஆகிறது. உங்கள் 34 வயதுக்கு 8,500 பொருந்துகிறது. அதே சம்பளத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் நின்றுவிட்டால் புதுப்பிக்கும்போது இடர்வரும். ஆகவே சம்பள உயர்வு எப்படி என்பதையும் இப்போதே கேளுங்கள்.


நொய்யல்கரை:

நிறுவனத்திடம் காப்பீடு, சம்பளம், பள்ளிக் கட்டணம் மூன்றையும் கேட்டேன். மனைவிக்கும் மகளுக்கும் காப்பீடு தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சம்பளத்தை 9,000 வெள்ளியாக்க ஒப்புக்கொண்டார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு இயலாது என்று சொல்லிவிட்டார்கள்.

மனைவியும் மகளும் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை கோவையிலேயே இருப்பது, அவர் வேலையை விடாமல் பள்ளியில் ஓராண்டு விடுப்புக் கேட்டுப் பார்ப்பது, அதற்குள் அவருடைய தகுதிக்கு அங்கே வேலை அனுமதியோடு ஏதேனும் அமையுமா என்று தேடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்றாண்டுகளுக்கு மேல் இருப்பதில்லை என்பதையும் இருவரும் பேசிக்கொண்டோம். அலுவலகம் தெம்பனிஸ் பக்கம். அதுவரை எனக்கு மட்டும் ஓர் அறை போதும். 1,000 வெள்ளிக்குள் கிடைக்குமா?


ஈசூன்வாசி:

தெம்பனிஸிலோ அருகே சீமெய்யிலோ பொது அறை (குளியலறை இணைக்கப்படாத படுக்கையறை) 900 முதல் 1,100 வெள்ளிக்குள் கிடைக்கும். பார்க்கப் போகும்போது சமைக்க அனுமதி உண்டா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். ‘இலேசான சமையல்’ என்று சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்கவும் நூடல்ஸ் போடவும் மட்டும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாளித்துக் கொட்டலாம் என்று வாயால் சொல்லட்டும், அதை ஒப்பந்தத்திலும் எழுதட்டும். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் மாதம் 450 வெள்ளிக்கு மேல் போகும். நீங்களே பொங்கிக்கொண்டால் 250இல் முடியும். குக்கரைக் கோவையிலிருந்தே கொண்டு வாருங்கள், ஆனால் இங்குள்ள மின்செருகி மூன்று செவ்வகக் கால்கள் உடையது என்பதால் மின்சாரக் குக்கர் வேண்டாம், அடுப்பில் வைக்கும் மூன்று லிட்டர்க் குக்கரே போதும்.